நிலக்கரி பாய்லர்: கையால் போடுவதா, ஸ்டோக்கரா?

பென்சில்வேனியாவின் வடகிழக்கில், ஸ்கூல்கில், லூசர்ன், கார்பன் கவுண்டிகளில் வீடு பார்க்கப் போனால் பேஸ்மென்ட்டில் வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி பாய்லர் இருப்பது இன்றைக்கும் சகஜம். வேலைக்காக இந்தப் பக்கம் குடிவரும் நம்மவர்கள் அதைப் பார்த்ததும் "இதைக் கழற்றிப் போட எவ்வளவு ஆகும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. வாடகை வீட்டில் கையால் கரி போடும் பாய்லரோடு குளிர்காலம் கழித்துவிட்டு, சொந்த வீட்டுக்கு, மோட்டார் தானே கரி ஊட்டும் ஸ்டோக்கர் பாய்லர் வாங்கி வைத்தோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நிலக்கரிக்கும் ஹீட்டிங் ஆயிலுக்கும் (வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய்) உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

இங்கே எரிவது ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரி. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை மனதில் வைத்து இதை எடைபோடக் கூடாது. அதில் ஏறக்குறைய பாதி ஈரம். இதில் ஈரத்தையும் சாம்பலையும் கழித்துப் பார்த்தால் 86 முதல் 97 சதவீதம் வரை கார்பன். புகை கிட்டத்தட்டக் கிடையாது, சிம்னியில் தார் படியாது. பற்றவைப்பதுதான் பாடு. 1808-இல் வில்க்ஸ்-பாரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இரும்புக் கம்பித் தட்டில் இதைப் போட்டு, கீழிருந்து காற்று ஏற விட்டு, துருத்தி இல்லாமலே எரித்துக் காட்டினார். இன்றும் அதே விதிதான். காற்று கீழிருந்து வர வேண்டும். விறகடுப்புப் பழக்கத்தில் மேலிருந்து கிளறினால் தீ செத்துப்போகும்.

செலவுக் கணக்கை நீண்ட நேரம் போட வேண்டியதில்லை. ஒரு டன் (இங்கே 2000 பவுண்டு) ஆந்த்ரசைட்டில் சுமார் 180 காலன் ஹீட்டிங் ஆயிலின் வெப்பம் இருக்கிறது. ஆயில் பாய்லரின் திறன் கொஞ்சம் கூடுதல் என்பதால் 165 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஆயில் விலையை 165-ஆல் பெருக்கி, ஒரு டன் கரி விலையோடு ஒப்பிட்டால் போதும். சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்து, லாரியிலிருந்து சரிவுத் தகடு வழியாக நேரே பேஸ்மென்ட் தொட்டியில் இறக்க முடிந்தால் பெரும்பாலும் கரிதான் ஜெயிக்கும். தொலைவில் இருந்து மூட்டை மூட்டையாக வாங்குவதென்றால் அந்த லாபம் கரைந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கையால் போடும் பாய்லர் எளிமையானது. மோட்டார் இல்லை, கரி தள்ளும் திருகு இல்லை, கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. 'நட்' அளவுக் கரி, அதாவது 2 முதல் 4 சென்டிமீட்டர் துண்டுகள் போடுவோம். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை தட்டை ஆட்டிச் சாம்பலை உதிர்க்க வேண்டும். சாம்பல் பெட்டியில் சிவப்புக் கங்கு விழ ஆரம்பித்ததும் நிறுத்தணும். பிறகு புதுக் கரி. அதையும் ஒரே மூச்சில் கொட்டி மூடிவிடக் கூடாது. ஒரு மூலையில் கனல் தெரிய விட்டு, பின்பக்கம் உயர்த்திப் போட வேண்டும். புதுக் கரியிலிருந்து வாயு கிளம்பும். தெரிகிற கனலில் அது பட்டு நீலச் சுவாலை நடமாடத் தொடங்கினால் நிம்மதி. கனல் முழுக்க மூடிப்போனால் வாயு உள்ளே சேர்ந்து, திடீரென்று பற்றி, கதவை உதைத்துத் திறக்கும். அந்த நீலச் சுவாலை வரும்வரை பாய்லர் முன்னாடியே நிற்க வேண்டும். அவசரமாகக் கிளம்ப வேண்டிய காலையிலும் அதைச் சுருக்க வழியில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான். சாம்பலின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆந்த்ரசைட்டில் எடையில் 10 முதல் 15 சதவீதம் சாம்பலாக மிஞ்சும். ஒரு குளிர்காலத்துக்கு 5 டன் எரிக்கிற வீட்டில் அரை டன்னுக்குக் குறையாத சாம்பலைப் படியேற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். அதில் தப்பிக்க வழியில்லை. ஆனால் யாருடைய நேரப்படி அந்த வேலை நடக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கையால் போடும் பாய்லருக்குச் சுமார் 12 மணி நேரக் கெடு. என் மனைவிக்கு மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட். எனக்கு அலுவலகம் முடிந்து திரும்பும் நேரம் நிச்சயமில்லை. பனிப்பொழிவில் நெடுஞ்சாலை அடைபட்டால் வீட்டில் தீ இறங்கிக்கொண்டே போகும். பாதி அணைந்த ஆந்த்ரசைட்டை மீட்பது லேசுப்பட்ட காரியமில்லை. பெரும்பாலும் மொத்தத்தையும் வாரிக் கொட்டிவிட்டு விறகிலிருந்து மறுபடி தொடங்கணும்.

ஸ்டோக்கரில் அந்தக் கெடு இல்லை. 'ரைஸ்' என்ற பொடிக் கரி, 5 முதல் 8 மில்லிமீட்டர். தொட்டியிலிருந்து மோட்டார் தானே தள்ளிக் கொடுக்கிறது, விசிறி காற்று கொடுக்கிறது, எரிந்த சாம்பல் மறுபக்கம் விழுகிறது. வீட்டில் அறைச் சூட்டைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட் கேட்டால் தீ ஏறும்; கேட்காத நேரத்தில், கனல் சாகாமல் இருக்க டைமர் அவ்வப்போது சில நிமிடம் கரி ஊட்டும். சாம்பல் பெட்டியைக் கடுங்குளிரில் இரண்டு நாளைக்கு ஒருமுறை எடுத்தால் போதும், அதையும் இரவு எட்டு மணிக்கோ பதினோரு மணிக்கோ செய்யலாம். மனைவி தனியாக இருக்கும் நாளில் மூடியுள்ள உலோக வாளியில் மாற்றி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். சூடான சாம்பலை பிளாஸ்டிக் தொட்டியிலோ மரத்தளத்திலோ வைக்கவே கூடாது, பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும்.

குறையும் உண்டு. மின்சாரம் போனால் விசிறி நிற்கும். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், நீடித்தால் தீ அணைந்துவிடும். எங்களுக்குச் சின்ன ஜெனரேட்டர் தவிர்க்க முடியாததாகிவிட்டது. கையால் போடுவது மின்சாரம் இல்லாமலும் எரியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் சூடான நீரைச் சுற்ற வைக்கும் பம்ப் நின்றுவிடுமே! எரிகிற கரியைச் சட்டென்று அணைக்க முடியாது. தானாகவே நீர் மேலேறி வெப்பத்தை இறக்க ஒரு ரேடியேட்டர் வழி இல்லாவிட்டால் பாய்லர் கொதித்துப் பாதுகாப்பு வால்வு திறந்துவிடும். இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையால் போடும் பாய்லர் வாங்க வேண்டும். ஸ்டோக்கரில் கரியின் தரமும் முக்கியம். சில கரியின் சாம்பல் உருகிக் கட்டி தட்டி வழியை அடைக்கும். டன் கணக்கில் வாங்குமுன் நாலு மூட்டை எரித்துப் பாருங்கள். பழைய பாய்லர் வாங்கினால் எந்த அளவுக் கரிக்குச் செய்தது என்று கேளுங்கள். கீஸ்டோக்கர் கம்பெனிப் பாய்லர் ரைஸ் எரிக்கும், ஆக்ஸ்மன்-ஆண்டர்சன் கம்பெனியுடையது அதைவிடப் பெரிய 'பீ' அளவுக்குச் செய்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பம் என்றால் இன்னொரு கேள்வி. ஜனவரியில் ஒரு மாதம் வீட்டைப் பூட்டினால் குழாய் உறைந்துவிடும், ஸ்டோக்கரின் சாம்பல் பெட்டியும் சில நாளிலேயே நிறைந்துவிடும். அதனால் பழைய ஆயில் பாய்லரைக் கழற்றாமல் அதே குழாய் வரிசையில் இணைத்து வைத்திருக்கிறோம். கரி எரியாதபோது நீரின் சூடு இறங்கினால் அது தானே ஓடும். இரண்டுக்கும் இடமில்லாத வீடு, மாதக்கணக்கில் ஊருக்குப் போகிற வழக்கம், இரண்டும் சேர்ந்தால் நிலக்கரியே வேண்டாம் என்பேன்.

கோடைகாலப் பராமரிப்பைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். பேஸ்மென்ட் ஈரக்காற்றில் புகைக்குழாயில் படிந்த சாம்பல் அமிலமாகி இரும்பை அரிக்கும். தீயை நிறுத்திய வாரமே குழாயைக் கழற்றித் துடைத்துவிட வேண்டும். ஸ்டோக்கரைக் குளிப்பதற்கான வெந்நீருக்காகக் கோடையிலும் குறைந்த தீயில் ஓட்டலாம். உள்ளே ஈரம் தங்காது. கையால் போடுவதை அப்படித் தணித்து ஓட்டுவது சிரமம். எதை வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் பேஸ்மென்ட்டிலும் படுக்கையறைக்கு வெளியிலும் கட்டாயம். அந்த வாயுவுக்கு வாடையே இல்லை என்பதால் மூக்கை நம்ப முடியாது.

சுற்றுச்சூழல் பக்கம் நிலக்கரிக்குச் சாதகமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பத்து லட்சம் பிடியு (இங்கே வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்துக்கு ஆந்த்ரசைட் சுமார் 104 கிலோ கார்பன் டையாக்சைடு விடுகிறது. ஹீட்டிங் ஆயில் 74, இயற்கை எரிவாயு 53. தெருவில் எரிவாயுக் குழாய் இருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன், எங்கள் தெருவில் இல்லை. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவியான ஹீட் பம்ப்பை நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி, அதோடு ஒரு குளிர்காலம் வாழ்ந்தவர் சொல்வதைக் கேளுங்கள். விற்கும்போதும் கரி பாய்லர் உள்ளூர்க்காரருக்குப் பிடிக்கும், வெளியூர்க்காரர் பின்வாங்குவார். ஆயிலும் கூடவே இருந்தால் அந்தப் பேச்சு சுலபமாக முடியும்.

வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கிறார், தீயோடு மெனக்கெடப் பிடிக்கும், பனிப்புயலில் மின்சாரம் அடிக்கடி போகிற மலைப்பக்கம் என்றால் கையால் போடுவதையே எடுங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு ஸ்டோக்கர்தான்.