பிளாகரா, வேர்ட்பிரஸா?

"வலைப்பதிவு எழுத ஆரம்பிக்கிறேன், எதில் போடட்டும்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். இங்கே வேர்ட்பிரஸ் என்பது வேர்ட்பிரஸ் டாட் காம். வேர்ட்பிரஸ் மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவுவது வேறு கதை.

செலவு
பிளாகர்: இலவசம். சொந்த முகவரி (டொமைன்) வேண்டுமானால் அதற்கு மட்டும் ஆண்டுக் கட்டணம்.
வேர்ட்பிரஸ்: இலவசத் திட்டத்தில் உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் வரும். சொந்த டொமைனை இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும்.

தமிழ்த் தலைப்பு
புதியவர்கள் இடறும் இடம் இதுதான்.
பிளாகர்: தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் சுட்டியில் வெறும் 'பிளாக் போஸ்ட்' என்று விழும். வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் (பதிவின் நிலையான சுட்டி) பகுதியில், தலைப்பு 'வாழைப்பூ வடை' என்றால் அதை ஆங்கில எழுத்தில் அடித்துவிடுங்கள்.
வேர்ட்பிரஸ்: தமிழ் சுட்டியிலும் வரும். ஆனால் வாட்ஸப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக நீண்டு, ஏதோ வைரஸ் லிங்க் மாதிரி தெரியும். இங்கேயும் சுருக்கமாக மாற்றிவிடுவதே நல்லது.

நிலைப்பு
பிளாகர்: 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது. கூகுள் ரீடரையும் கூகுள் பிளஸையும் மூடிய நிறுவனம் என்பதால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அவ்வப்போது பேக்கப் எடுங்கள்.
வேர்ட்பிரஸ்: அந்த பேக்கப்பை அப்படியே இறக்குமதி செய்துகொள்ளும். பின்னால் சொந்த சர்வருக்கும் மாறலாம்.

எளிமை
பிளாகரில் கூகுள் கணக்கு போதும். வேர்ட்பிரஸ் எடிட்டர் பழக நாளாகும்.

காசு போடாமல் எழுதிப் பழக பிளாகர். தொடர்ந்து எழுதுவோம், தளத்தை வளர்ப்போம் என்று உறுதியாக இருந்தால் வேர்ட்பிரஸ்.