ஐ.டி.ஐ.யா, அனுபவச் சான்றிதழா?

வாளையாரைத் தாண்டி கேரளத்துக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறும் நம்ம ஆட்கள் பலருக்கு இதே கேள்விதான். மில் வேலை போய்விட்டது. வெல்டிங் கைவசம் இருக்கிறது, கையில் காகிதம் இல்லை.

ஐ.டி.ஐ. வெல்டர் படிப்பு ஓராண்டு, எட்டாவது தேறியிருந்தால் போதும். ஃபிட்டருக்குப் பத்தாவதும் 2 ஆண்டும் வேண்டும். தேசியச் சான்றிதழ் என்பதால் எல்லைக்கு இரண்டு பக்கமும் செல்லும். பையனுக்குச் சரி. குடும்பஸ்தன் ஓராண்டு சம்பளமில்லாமல் அரிசிக்கு எங்கே போவான்?

மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015இல் வந்தது. அதில், ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிரிவும் உண்டு; அனுபவச் சான்றிதழ் என்று நான் சொல்வது இதைத்தான். சின்ன அறிமுக வகுப்பு, அப்புறம் தேர்வு, அவ்வளவுதான். என் சித்தப்பா இரண்டு தகட்டை ஒட்டிக் காட்டினார். ஒட்டு சீராக விழுந்ததா, முகக்கவசம் போட்டாரா என்று பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் கற்கவில்லை. சில பட்டறைகள் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ராடைக் கையில் கொடுத்துவிடும், அது வேறு கதை. இருந்தும் நாற்பதைத் தொட்டவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சான்றிதழில் பெயர் மட்டும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். எங்கள் பக்கம் மலையாளத்தில் ஒரு மாதிரி, தமிழில் ஒரு மாதிரி எழுதிவைத்திருப்பார்கள்.