நத்தை இருந்ததென்று யார் கண்டது? வெள்ளவத்தையில் சட்ட மாணவர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை ஒரு வகுப்பு நடக்கிறது. சட்ட மாணவர்களைச் சோக்கிரட்டீஸ் முறைக் கலந்துரையாடலுக்கு, அதாவது விரிவுரையாளர் கேள்விமேல் கேள்வி கேட்க மாணவர் தாம் படித்துவந்த தீர்ப்பைக் கொண்டே பதில் சொல்லவேண்டிய வகுப்பு முறைக்கு, ஆயத்தப்படுத்துவது அதன் நோக்கம். ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர் தனியாளாக நடத்துகிறார். பெயர்ப்பலகை கிடையாது, ஒருவர் சொல்லி மற்றவர் வருவதே வழக்கம். 12 வாரங்களுக்குக் கட்டணம் 24,000 ரூபாய். நான் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் சென்றேன். கொடுத்த காசுக்கு மேலாகவே பெற்றேன் என்பது என் கருத்து. ஆயினும் திருத்தப்பட வேண்டிய குறைகள் சில உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் உயர்தரம் வரை தமிழ் மொழியில் படித்தவள். கொழும்புக்கு வந்து சட்டப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, கடையில் விற்ற சுருக்கக் குறிப்புக் கொப்பி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு வழக்குக்கும் மூன்று வரி மனப்பாடம் செய்துகொண்டு வகுப்புக்குப் போனேன். முதலாவது கருத்தரங்கு வகுப்பில் எழுந்து நின்று அந்த மூன்று வரியையும் பிழையில்லாமல் ஒப்புவித்தேன். அடுத்து விரிவுரையாளர் கேட்டது ஒரு சின்னக் கேள்விதான்: "மேன்முறையீட்டைக் கொண்டுவந்தவர் யார்?" கொப்பியில் அது இருக்கவில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை, அடுத்த மாணவரிடம் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் நான் பின்வரிசையில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. ஆங்கிலம் போதாமைதான் காரணம் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். காரணம் வேறு என்பதை இந்த வகுப்பின் முதல் நாளே உணர்ந்தேன்.

அன்று எடுத்துக்கொண்ட வழக்கு, சட்டம் படிக்கும் எல்லோரும் அறிந்த டொனகியு எதிர் ஸ்டீவன்சன். 1928 ஆகஸ்ட் 26 அன்று ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் திருமதி டொனகியுவுக்கு நண்பர் ஒருவர் இஞ்சிப் பியர் வாங்கிக் கொடுத்தார் என்பதும், போத்தலில் எஞ்சியதை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வெளியே வந்தது என்பதும் அந்த வழக்கின் கதை. சேர் எங்களிடம் கேட்டார்: "போத்தலுக்குள் நத்தை இருந்ததென்று எந்த நீதிமன்றம் கண்டது, பிள்ளைகள்?" அந்நாளில் பிரித்தானியாவின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை என்று மூன்று பேர் சொன்னார்கள். ஸ்கொட்லாந்து நீதிமன்றம் என்றேன் நான். எல்லாமே பிழை. எந்த நீதிமன்றமும் அப்படிக் காணவில்லை. வழக்காளி சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் உற்பத்தியாளருக்கு எதிராகச் சட்டத்தில் அவருக்கு ஒரு வழக்கு உண்டா என்ற கேள்வியை மட்டுமே பிரபுக்கள் சபை 1932 மே 26 அன்று தீர்மானித்தது. நத்தை சாட்சியத்தால் நிரூபிக்கப்படவே இல்லை. எத்தனையோ தடவை படித்த வழக்கில் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோமே என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேன்முறையீட்டைக் கொண்டுவந்தவர் யார் என்று முன்னர் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியின் பெறுமதி அப்போதுதான் எனக்கு விளங்கியது. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறியாதவருக்கு, நீதிமன்றம் எதை முடிவு செய்தது, எதை முடிவு செய்யாமல் விட்டது என்று சொல்ல வராது.

அவர் சொல்லித்தரும் ஆயத்தம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. தீர்ப்பை முதல் தடவை வாசிக்கும்போது பேனையைத் தொடக்கூடாது. யார் யாரிடம் எதைக் கேட்கிறார், கீழே வென்றவர் யார், இங்கே வந்தவர் யார் என்பதை ஒரு நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்ல முடிந்த பிறகே அடுத்த வாசிப்பு. இரண்டாம் தடவை ஒவ்வொரு சம்பவத்தையும் தொட்டு, "இது இப்படி இல்லாமல் இருந்திருந்தால் முடிவு மாறுமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முழுத் தாளை நடுவே மடித்து, இடப்பக்கத்தில் தீர்ப்பில் உள்ள சம்பவங்களையும் வலப்பக்கத்தில் நாம் மாற்றிப் பார்த்தவற்றையும் எழுதச் சொல்கிறார். வகுப்புக்குள் நுழையும்போது அவர் பார்ப்பது வலப்பக்கத்தைத்தான். அது வெறுமையாக இருந்தால் அன்று முதற்கேள்வி அந்தப் பிள்ளைக்கு. மூன்றாவது வாசிப்பு மாறுபட்ட தீர்ப்புகளுக்கு, அதாவது பெரும்பான்மையோடு உடன்படாத நீதிபதிகள் எழுதியவற்றுக்கு, உரியது. நத்தை வழக்கு 3க்கு 2 என்ற கணக்கில் தீர்ந்த வழக்கு. பெரும்பான்மைப் பக்கத்து நீதிபதி அற்கின் பிரபுவின் அயலவர் கோட்பாட்டை, அதாவது நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்குத் தீங்கு நேராதபடி கவனம் எடுக்கும் கடமை நமக்கு உண்டு என்பதை, எல்லோரும் சொல்வார்கள், பக்மாஸ்டர் பிரபு ஏன் உடன்படவில்லை என்று கேட்டால் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். விரிவுரையாளர்கள் எழுப்பும் ஆட்சேபங்களில் பாதி அந்த மாறுபட்ட தீர்ப்பிலேயே கிடைக்கும் என்பது அவருடைய அனுபவம். பிறகு என் வகுப்பில் அது அப்படியே பலித்தது.

மூன்றாம் வாரம் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகுப்பின் சிறப்பு முழுவதும் அதில் இருக்கிறது. "மதியம் உங்கள் சிநேகிதி கடையில் இரண்டு சோற்றுப் பார்சல் வாங்கி ஒன்றை உங்களுக்குத் தருகிறார். கறிக்குள் ஒரு கண்ணாடித் துண்டு. காசு கொடுத்தவர் சிநேகிதி. நீங்கள் யாருக்கு எதிராக வழக்குப் போடுவீர்கள்?" என்று என்னைக் கேட்டார். கடைக்காரருக்கு எதிராக என்றேன். எனக்கும் அவருக்கும் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கவனக் கடமை உண்டு என்றேன். "போத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது. பார்சலைப் பிரித்துப் பார்த்துத்தானே சாப்பிடுகிறோம்?" பார்க்க முடியும் என்பது வேறு, பார்த்தால் கண்டுபிடிக்கலாம் என்பது வேறு; குழம்புக்குள் கிடக்கும் கண்ணாடியைப் பிரித்துப் பார்த்தும் காண முடியாது என்று சொன்னேன். அவர் விடவில்லை. "அப்படியானால் நத்தை வழக்கின் போத்தல் கறுத்தக் கண்ணாடியாக இல்லாமல் தெளிந்த கண்ணாடியாக இருந்திருந்தால்?" அந்நேரம் கரையோர ரயில் ஒன்று போனது. ரயில் போகும்போது அந்த அறையில் யாரும் பேச முடியாது, கதிரைகள்கூட அதிரும். அந்த அரை நிமிடத்தில் என் தாளின் வலப்பக்கத்தைப் பார்த்தேன், "போத்தலின் நிறம்" என்று நான் எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். பொருள் உற்பத்தியாளரின் கையை விட்டுப் போனபின் அருந்துபவரை அடையும்வரை இடையில் ஒருவர் நியாயமாகப் பரிசோதிக்க வாய்ப்பில்லை என்பதைத்தான் அற்கின் பிரபு தமது கோட்பாட்டோடு சேர்த்துச் சொன்னார். ஆகவே கண்ணாடியின் நிறம் அலங்காரத்துக்குச் சொல்லப்பட்ட விவரம் அல்ல, தெளிந்த போத்தலாக இருந்திருந்தால் கடைக்காரர் கண்டிருக்கக்கூடுமா என்ற புதிய கேள்வி எழும், அதற்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பதில் தரவில்லை என்று சொன்னேன். "அது போதும்" என்றார் சேர். "தெரியாது" என்பதற்கும் "தீர்ப்பில் இது தீர்மானிக்கப்படவில்லை" என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அன்று கண்டேன்.

இன்னொரு நாள் கார்லில் எதிர் கார்போலிக் ஸ்மோக் போல் கம்பனி. நோயைத் தடுக்கும் என்று விற்கப்பட்ட "புகைக் குண்டு" என்ற மருந்துச் சாதனத்தைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்புளுவன்சா வந்தவருக்கு 100 பவுண் தருவதாக விளம்பரம் செய்து, தமது உறுதிக்கு அடையாளமாக வங்கியில் 1,000 பவுண் வைத்திருப்பதாகவும் அறிவித்த கம்பனியின் வழக்கு. வழக்குப் போட்ட திருமதி கார்லில் கொடுத்த பிரதிபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாக அவர் கொடுத்தது, என்ன என்று நாங்கள் முக்கால் மணி நேரம் வாதாடிய பிறகு, "இந்தக் கேள்வியை நம் நாட்டு நீதிமன்றத்தில் கேட்க வேண்டுமா?" என்று ஒரே வரியில் எங்களை நிறுத்தினார். இலங்கையின் பொது ஒப்பந்தச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். அதற்குத் தேவை வாக்குறுதிக்கு ஒரு நியாயமான காரணமே தவிர ஆங்கிலச் சட்டத்தின் பிரதிபயன் அல்ல என்று ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில், அந்நாளில் இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் 1918இலேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்துத் தீர்ப்பை எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும், அது எந்தச் சட்டத்தின் வீட்டுப்பிள்ளை என்று கேட்காமல் கொழும்பில் வாதாடக்கூடாது என்பதை அவர் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு வழியில் நினைவூட்டுவார். நத்தை வழக்கையும் அப்படியே திருப்பிக் கேட்டார்: பிறர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் நமது தீங்கியற் சட்டத்தின் வேர் உரோமன் டச்சு மரபில் இருக்க, கவனக் கடமை என்ற சொல் எங்கள் தீர்ப்புகளுக்குள் எப்படி வந்தது? இதற்கு நான் இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார்ந்தேன்.

எனக்கு மிகப் பெரிய உதவியாக இருந்தது மொழி ஒழுங்கு. முதல் மணி நேரம் முழுவதும் தமிழ்; இரண்டாம் மணி நேரத்தில் அதே வழக்கு, ஏறக்குறைய அதே கேள்விகள், ஆங்கிலத்தில். கவனயீனம், எதிராளி, முற்தீர்ப்பு என்று தமிழில் வாதத்தைக் கட்டி முடித்தபின் ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போது சொற்கள்தான் மாறுகின்றன, வாதத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் இலக்கணம் பிசகினால் அவர் திருத்துவதில்லை. வாதம் பிசகினால் உடனே நிறுத்துவார். தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைவிட மரியாதையான ஏற்பாட்டை நான் வேறெங்கும் காணவில்லை. 1870இல் ஹார்வர்ட் சட்டப் பீடத்தின் தலைவரான லாங்டெல் வழக்குகளைக் கொண்டு வினவிக் கற்பிக்கும் முறையைச் சட்டக் கல்விக்குள் கொண்டுவந்தார் என்று முதல் நாளில் ஒரு நிமிடம் சொன்னார். நமது உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை சொல்லிப் பொருள் கண்டதும் இதே பழக்கந்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்குமேல் வரலாறு பேசவில்லை.

இனிக் குறைகள். அவர் தரும் போட்டோக்கொப்பிகள் வெட்டிச் சுருக்கப்பட்டவை. மாறுபட்ட தீர்ப்பைப் படி என்று சொல்லும் ஒருவர், முதல் இரண்டு வாரமும் மாறுபட்ட தீர்ப்புப் பக்கங்கள் இல்லாத பிரதியைக் கொடுத்தார். நாங்கள் கேட்ட பிறகே மீதியைக் கொண்டுவந்தார். 18 பேருக்கு மேல் எடுப்பதில்லை என்று பணம் கட்டும்போது சொன்னார், ஆனால் ஐந்தாம் வாரம் 26 பேர் இருந்தோம். கேள்வி கேட்டுப் பழகும் வகுப்பில் எட்டுப் பேர் மேலதிகமாக வந்தால், ஒருவர் வாய் திறக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். எனக்கு முதல் மாதத்தில் நான்கு தடவை கிடைத்தது; கடைசி மாதத்தில் ஒரு தடவைதான். இதை அவரிடம் நேரில் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் அந்த அணியில் எதுவும் மாறவில்லை.

இதைவிட எனக்கு வருத்தமான குறை ஒன்று உண்டு. வகுப்பு முடியும் தறுவாயில், நேரம் போதாமல், தாம் எழுப்பிய கேள்விக்குத் தாமே விடை சொல்லிவிடுகிறார். சில மாணவர்கள் பேனையை எடுப்பதே அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான். அடுத்த வாரம் அந்த விடையை அப்படியே ஒப்புவிக்கிறார்கள். சுருக்கக் குறிப்புக் கொப்பியை விட்டு வந்த எனக்கு, அதே கொப்பி வேறு உருவில் திரும்பி வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. விடையைச் சொல்லாமல் எங்களை ஒழுங்கைக்கு அனுப்பிவிட்டால் பஸ் தரிப்பிடம் வரை பேசிக்கொண்டே போவோம். உண்மையில் நல்ல வாதங்கள் பல அங்கேதான் நடந்தன. குற்றவியல் சட்டத்துக்கு இரண்டே வாரம் ஒதுக்குகிறார், அது போதாது. சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்கு மாற்று நாள் இல்லை.

பரீட்சைக்கு விடை எழுதப் பயிற்சி தேடுவோருக்கு இந்த வகுப்பு உதவாது. அவர் ஒரு மாதிரி விடைகூட எழுதித் தருவதில்லை, திருத்துவதுமில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடப்படும்போது நெஞ்சு படபடக்கும் முதலாம், இரண்டாம் வருட மாணவர்களுக்கும், வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகவிருப்பவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வேன். நான் இப்போது என் கருத்தரங்கு வகுப்பில் இரண்டாம் வரிசையில் இருக்கிறேன்.

சேருபவர்கள் முதல் மாதம் விடுபட்டால் பிறகு தொடர்வது கடினம், ஆகவே ஒரு அணியின் தொடக்கத்திலேயே சேருங்கள். பணம் கட்டுமுன் எத்தனை பேர் என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் தரும் பிரதியை நம்பியிருக்காமல் முழுத் தீர்ப்பையும் நீங்களே அச்சிட்டுக் கொண்டுபோங்கள். ஜன்னலோரக் கதிரைகளில் காற்று நன்றாக வரும், ஆனால் ரயில் சத்தத்தில் பாதிக் கேள்வி கேட்காது. உட்பக்கச் சுவரோரம் இடம் பிடியுங்கள். முதல் நாள் நத்தை வழக்குத்தான் வரும். தாளின் வலப்பக்கத்தில் குறைந்தது ஐந்து வரியாவது எழுதிக்கொண்டு போங்கள்.