பேக்கரி ஈஸ்ட் பொட்டலம்: டிஎன்ஏ செய்முறைக்குத் தேறுமா?

வேலூர் பஜார் பக்கம் பேக்கரி சாமான் கடைகளில் உலர் ஈஸ்ட் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, காற்றை உறிஞ்சி சீல் வைத்த, செங்கல் மாதிரி கெட்டியான பொட்டலம். இன்னொன்று, அதையே பிரித்துக் கவரில் நிறுத்துத் தரும் சில்லறைச் சரக்கு. பன் போட எதை வேண்டுமானாலும் வாங்கலாம். ஈஸ்ட் செல் எந்த நேரத்தில் டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்குகிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவதாக இருந்தால் சில்லறை வேண்டாம்.

வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் காற்றுப்பட்டுக் கிடந்த சரக்கில் செத்த செல் நிறைய இருக்கும். சந்தேகம் இருந்தால் ஈஸ்ட் கரைசல் ஒரு சொட்டு, 0.01 சதவீத மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு கலந்து 40 மடங்கு லென்ஸில் பாருங்கள். செத்தது நீலமாக நிற்கும். உயிருள்ளது சாயத்தை வெளுத்துவிடும். பத்து நிமிடத்துக்குள் எண்ணி முடிக்க வேண்டும், விட்டால் நல்ல செல்லும் நீலம் ஏறும்.

பொட்டலத்தில் 491 என்ற எண் போட்டிருந்தால் எமல்சிஃபையர், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலக்க உதவும் பொருள் சேர்த்திருக்கிறார்கள். லென்ஸில் பளபளவென்று மிதக்கும், எண்ணும்போது கண்ணை ஏமாற்றும். 1 கிராம் ஈஸ்டை 38 டிகிரி வெந்நீர் 10 மில்லியில் தூவி, பத்து நிமிடம் கலக்காமல் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் இரண்டு முறை கழுவி, மறுபடி 10 மில்லியாக்கினால் போதும். பச்சைத் தண்ணீரில் போட்டால் காய்ந்த சவ்வு வழியாக உள்ளிருப்பது கசிந்து செல்லே செத்துப்போகும்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். வெறும் சர்க்கரைத் தண்ணீரில் நுரை பொங்கினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். நைட்ரஜன் இல்லாமல் செல் பெருகாது. 100 மில்லி தண்ணீருக்கு ஈஸ்ட் சாறு 1 கிராம், பெப்டோன் (நைட்ரஜன் தரும், சிதைத்த புரதம்) 2 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) 2 கிராம் போட்டு, கழுவிய ஈஸ்ட் அரை மில்லி மட்டும் விடுங்கள். 30 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் ஃபிளாஸ்கைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஐஸ் துண்டு போட்டுச் சமாளிக்கலாம்.

20 நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து 200 செல்லில் எத்தனை மொட்டு விட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். மொட்டு என்பது தாய் செல்லின் பக்கத்தில் முளைக்கும் புதுச் செல். உலர் ஈஸ்டில் ஆரம்பத்தில் மொட்டு குறைவு, அதனால் ஏற்றம் தெளிவாகத் தெரியும். இந்த ஈஸ்டில் மொட்டு முளைப்பதும் டிஎன்ஏ நகல் தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே நேரம். விலை உயர்ந்த ஒளிர் நுண்ணோக்கி இல்லாத கல்லூரிக்கு மொட்டுதான் கடிகாரம்.

உள்ளே நடப்பது இது. மொட்டு விடுமுன்பே, நகல் தொடங்கும் இடங்களில் ஓஆர்சி என்ற புரதக் கூட்டு உட்கார்ந்து, சிடிசி6, சிடிடி1 என்ற புரதங்களின் துணையோடு, டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கும் எம்சிஎம் புரத வளையங்களை இரட்டையாக மாட்டி வைத்துவிடும். அப்போது வளையம் இயங்காது. சிடிகே, சிடிசி7 என்ற நொதிகளின் வேகம் ஏறியதும் இயங்கத் தொடங்கி இழைகளைப் பிரிக்கும். அதே சிடிகே புது வளையம் மாட்டுவதையும் தடுக்கிறது. அதனால் ஒரு சுற்றில் எந்த இடமும் இரண்டாம் முறை நகலாகாது. இப்படித் தொடங்கும் இடங்கள் சுமார் 400. ஏன் இத்தனை? நான்காவது குரோமோசோமில் மட்டும் 15 லட்சம் டிஎன்ஏ எழுத்து (ஏ, டி, ஜி, சி). நகலெடுக்கும் முனை நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 எழுத்துதான் ஓடும். நடுவில் ஒரே இடத்தில் தொடங்கி இருபக்கமும் ஓடினாலும் நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். செல்லோ ஒன்றரை மணியில் இரண்டாகிவிடுகிறது.

நகலை நிறுத்திக் காட்ட ஹைட்ராக்சியூரியா: வளரும் ஈஸ்ட் கரைசல் 10 மில்லிக்கு 0.15 கிராம், அன்றே புதிதாகக் கரைத்தது. டிஎன்ஏ எழுத்துகள் தயாராவது தடைபட்டு நகல் நடுவழியில் நிற்கும். மொட்டு மட்டும் வளரும். இரண்டு, மூன்று மணியில் தாயும் மொட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில், டம்பெல் மாதிரி ஒட்டிக்கொண்டே நிற்கும். புற்றுநோய் மருந்து இது, கையுறை அவசியம்.

ஈஸ்ட் இணைவதற்காக வெளிவிடும் ஆல்ஃபா ஃபேக்டர் என்ற பொருளால் செல்லை மொட்டு விடுமுன்பே நிறுத்தும் முறை மட்டும் இந்தச் சரக்கில் எடுபடாது. அது 'ஏ' என்ற பாலின வகை செல்லைத்தான் நிறுத்தும். பேக்கரி ஈஸ்டில் குரோமோசோம் தொகுதிகள் பல, இரு பாலின மரபணுவும் பொதுவாகக் கூடவே இருக்கும், அதனால் அந்த ஈஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது. அதற்கு ஒரே குரோமோசோம் தொகுதியுள்ள ஆய்வக ஈஸ்ட்தான் வேண்டும். அதனால் ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

பிரித்த பொட்டலத்தை மடித்து கிளிப் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைக்கலாம். மறுபடி எடுக்கும்போது டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடித்துவிடும்.