வால் அரித்த ஃபைட்டருக்கு எது நல்லது: உப்பா, இலையா, நீல மருந்தா?

மகனின் ஃபைட்டர் மீன் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு கிண்ணத்தின் அடியில் கிடந்த அன்று, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அம்மா, "ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுப் பாரேன்" என்றார். (குழம்பா வைக்கப் போகிறோம் என்று கேட்டுவிட்டு முறைப்பு வாங்கிக்கொண்டேன்.) எதிர்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) காய்ந்த கெதாப்பாங் இலை ஒன்றை நீட்டினார். மீன் கடைக்காரர் நீல மருந்துப் புட்டியைக் காட்டினார். எனக்கோ கல் உப்பின் மேல்தான் நம்பிக்கை.

மீனின் வால் ஓரம் கறுத்து, எலி கடித்த துணி மாதிரி இருந்தது. உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, வயிறும் வீங்கவில்லை. வால் அழுகல்தான். சின்னக் கிண்ணத்தில் இது வருவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். இரண்டு லிட்டரில் மீனின் கழிவும் தின்னாத தீனியும் சேர்ந்தால் அம்மோனியா சட்டென்று ஏறிவிடும். அதைத் தின்னும் பாக்டீரியா தங்க அங்கே ஃபில்டரும் கிடையாது.

அதனால் முதல் போட்டி மருந்துகளுக்குள் இல்லை, தண்ணீரில்தான். ஊரில் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். இங்கே அது செல்லாது. சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோரமின் சேர்த்த தண்ணீர். குளோரினும் அம்மோனியாவும் கட்டிப்பிடித்திருக்கும் பொருள் அது, ஒரு ராத்திரியில் ஆவியாகிப் போகாது. சாதாரண ஆன்டி-குளோரின் விட்டால் குளோரின் அடங்கும், அம்மோனியா மிஞ்சும். ஆகவே லேபிளில் குளோரமினுக்கும் அம்மோனியாவுக்கும் சேர்த்து என்று போட்டிருப்பதை வாங்குங்கள். சில வெள்ளி (டாலர்) கூடுதல், ஆனால் நான் செலவழித்ததில் உருப்படியான காசு அதுதான். தினமும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மாற்றினேன். முழுதாகக் கொட்டி மாற்றினால் மீனுக்கு அதுவே ஓர் அதிர்ச்சி.

அடுத்தது உப்பு. அயோடின் கலக்காத, வேறெதுவும் சேர்க்காத கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம், தனியாகக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போதெல்லாம் உப்பும் போட்டால் மீன் கருவாடாகிவிடும். எடுத்துக் கொட்டிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் பண்ணிப் போடுங்கள். எப்சம் உப்பு வேறு சங்கதி. வயிறு உப்பி, கழிவு போகாமல் கிடக்கும் மீனுக்கு அது, வால் அழுகலுக்கு அல்ல. பெயரில் உப்பு இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

மாக்சிக்கின் இலையை நான் குறைத்து மதித்திருந்தேன். கெதாப்பாங் என்பது நம்மூர் நாட்டு வாதுமைதான். இலை ஊறினால் தண்ணீர் தேயிலை நிறமாகும், கொஞ்சம் அமிலத்தன்மை ஏறும். சதுப்பு நிலங்களிலிருந்து வந்த ஃபைட்டருக்கு அது பழகிய சூழல், மீன் அமைதியாகிறது. ஆனால் அரித்த வாலை இலை மட்டும் சரிசெய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். பூங்கா மரத்தில் பறிக்க வேண்டாம், அனுமதி இல்லாமல் செடி கொடியில் கைவைப்பது குற்றம். மீன் கடையில் உலர்ந்த இலையே கட்டாக விற்கிறார்கள்.

நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ, பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்த மீனுக்கு உதவும். கிண்ணத்தில் சிக்கல் அளவுதான். பெரிய தொட்டிக்குக் கணக்குப் போட்ட மருந்தை இரண்டு லிட்டருக்குச் சுருக்கினால் ஒரு சொட்டே கூடிப்போகும். விரலில் பட்டால் நாலு நாளைக்கு ஏதோ தேர்தலில் ஓட்டுப் போட்டவர் மாதிரி திரிய வேண்டியதுதான். நான் தொடவில்லை.

கால்நடை மருத்துவர்? மீனைப் பார்ப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். கட்டணம் மீன் விலையைப் போலப் பல மடங்கு. செதில்கள் அன்னாசிப்பழம் மாதிரி விரிந்து நின்றால் வீட்டு வைத்தியத்துக்குப் பெரும்பாலும் அடங்காது, அப்போது யோசிக்கலாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பலன் தந்தது இடமாற்றம். கிண்ணம் இருந்தது மகனின் மேசையில், ஏர்கான் காற்று நேரே படும் இடத்தில். பகலில் 30 டிகிரி, ராத்திரியில் 24. இரண்டு லிட்டர் தண்ணீர் அறையோடு சேர்ந்து ஏறி இறங்கும், 12 லிட்டர் அவ்வளவு சீக்கிரம் அசையாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி ஹாலில் வைத்து, மீனை அதில் விட்டேன். மூடியில் ஓட்டைகள் போட்டேன். ஃபைட்டர் மேலே வந்து காற்றையும் விழுங்கும், விட்டால் வெளியே தாவவும் செய்யும். தீனி இரண்டு நாள் கிடையாது, அப்புறம் வேளைக்கு இரண்டே உருண்டை.

பதினோராம் நாள் மகன் டார்ச் அடித்துக் காட்டினான். கறுத்த ஓரத்துக்கு வெளியே, கண்ணாடித்தாள் மாதிரி நிறமே இல்லாத ஒரு மெல்லிய விளிம்பு. புது வால் அப்படித்தான் முளைக்குமாம். மாக்சிக்கிடம் சொன்னேன், இலைதான் காரணம் என்று சிரித்தார். அம்மா இன்னும் மஞ்சளை விடவில்லை.