எறும்புக்கு எது சரி: சோக்கா, ஸ்பிரேயா, சீனிப்பாணியா?

மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கினால் கொழும்பில் அநேகமான குசினிகளில் ஒரே காட்சிதான்: யன்னல் ஓரத்தில் தொடங்கி, டைல்ஸ் இடுக்கு வழியாகச் சீனிப் போத்தல் வரை ஒரு கோடு. மண்ணுக்குள் தண்ணீர் ஏறினால் எறும்பு மேலே வரத்தானே செய்யும். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஆறாம் தட்டில் இருப்பவர்களுக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. அவர்கள் வீட்டு எறும்பு பெரும்பாலும் மண்ணிலிருந்து வருவதே இல்லை. சுவர் வெடிப்பிலும் சுவிட்ச் பெட்டியிலும் பல்கனிப் பூச்சாடியிலும் குடியிருக்கிறது.

வைத்தியம் சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைவில்லை. மஞ்சள் தூவு என்பார் ஒருவர், சோக்கால் கோடு போடு என்பார் இன்னொருவர், ஸ்பிரே அடித்துவிட்டு அரை மணித்தியாலம் வெளியே போ என்பார் மூன்றாமவர். எது நல்லது என்று கேட்க முன்னர், உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்யுங்கள். இப்போது கண்ணில் படுகிற வரிசை மறைய வேண்டுமா, சாப்பாட்டில் ஏறாமல் இருந்தால் போதுமா, அல்லது கூடே அழிய வேண்டுமா? மூன்றையும் ஒரே பொருள் செய்யாது.

ஸ்பிரேயும் சோக்கும்

இரண்டும் ஒரே குடும்பம். கடைகளில் கிடைக்கிற ஸ்பிரேக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது பைரித்ரோயிட் வகை நஞ்சு. எறும்புச் சோக்கிலும் வழக்கமாக அதே வகைதான், டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின். ஸ்பிரே பட்ட எறும்பு உடனே சுருண்டு விழும். பார்க்கத் திருப்தியாக இருக்கும், அதுதான் அதன் வியாபார இரகசியமும். ஆனால் வெளியே நடமாடுவது கூட்டத்தின் ஒரு சிறு பங்குதான். இராணியும் குஞ்சுகளும் உள்ளே பத்திரமாக இருக்க, நாலைந்து நாளில் அடுத்த வரிசை வேறு பாதையால் வரும்.

இன்னும் மோசமான ஒரு விஷயமும் உண்டு. பாரோ எறும்பு என்று சொல்லப்படும், இரண்டு மில்லிமீற்றர் அளவிலான மஞ்சள் கலந்த பழுப்பு எறும்புக்கு ஒரே கூட்டில் பல இராணிகள் இருக்கும். ஸ்பிரேயின் வாடை பட்டதும் கூட்டம் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் ஒரு இராணியோடு வேறிடத்தில் குடியேறிவிடும். குசினியில் மட்டும் இருந்த தொல்லை படுக்கையறைக்கும் குளியலறைக்கும் பரவும். வைத்தியசாலைகளில் இந்த எறும்பை ஒழிப்பது உலகெங்கும் தலையிடியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோக்கின் பலம், கோடு போட்ட இடத்தில் கொஞ்ச நாள் நிற்கும் என்பது. பலவீனம், ஈரத்துணியால் ஒருதரம் துடைத்தால் போய்விடும் என்பது. மழைக்காலத்தில் கொழும்புக் குசினியில் எந்தச் சுவர் ஈரமில்லாமல் இருக்கிறது? அதைவிடப் பெரிய சிக்கல், அது பள்ளிக்கூட வெண்கட்டி மாதிரியே இருப்பது. பிள்ளை எடுத்து எழுதிப் பார்க்கும், பிறகு விரலைச் சூப்பும். அமெரிக்காவில் இதை விற்பதே சட்டவிரோதம். இலங்கையில் எந்தப் பூச்சிகொல்லியும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நடைபாதையில் விற்கிற பெயர் தெரியாத சோக் பெட்டியில் பதிவு இலக்கம் இல்லையென்றால் வாங்காமல் விடுங்கள். என் வீட்டுக்குள் பதிவு உள்ளதையும் விடமாட்டேன், அது வேறு கதை.

வீட்டில் மீன்தொட்டி இருந்தால் ஸ்பிரே இன்னும் ஆபத்து. பைரித்ரோயிட் மீனுக்குக் கடும் நஞ்சு. பூனைக்கும் அப்படியே, குறிப்பாக பெர்மெத்ரின் கலந்தது.

சரி, கண்ணெதிரே ஊர்கிறதை உடனே நிறுத்த வேண்டும், என்ன செய்வது? ஒரு தெளிப்புப் போத்தலில் தண்ணீரும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும். பட்ட எறும்பு சாகும். பிறகு ஒரு துணியால் துடைத்தால் அவை விட்டுச்சென்ற வாசனைத் தடமும் அழியும். அந்தத் தடம்தான் பின்னால் வருகிற நூற்றுக்கு வழிகாட்டி. உடனடி வேலைக்கு ஸ்பிரேயைவிட இதற்கே நான் புள்ளி போடுவேன், செலவும் கிட்டத்தட்ட இல்லை.

மஞ்சள், கறுவா, கிராம்பு, வினாகிரி

சுருக்கமாகவே சொல்லலாம். மஞ்சளும் கறுவாத் தூளும் கிராம்பும் எறும்பைக் கொல்லாது. கொஞ்ச நேரம் சுற்றிப்போக வைக்கும். சுற்றிப்போக இடமிருந்தால் சுற்றித்தான் போகும். வினாகிரி துடைக்க நல்லது, சவர்க்காரத் தண்ணீர் செய்கிற அதே தடம் அழிக்கும் வேலைதான். மண்ணெண்ணெய் பூசுவதைப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். காஸ் அடுப்புப் பக்கத்தில் அந்த யோசனையே வேண்டாம். இணையத்தில் புகழப்படும் டயட்டம் மண் பொடி, எறும்பின் உடல் மேற்பூச்சைச் சுரண்டி அதை உலர்த்திக் கொல்வது. ஈரம் பட்டால் வேலை செய்யாது. கொழும்புக் காற்றில் அதை நம்புவது கடினம்.

கிண்ணத்துத் தண்ணீர்

பாட்டிமார் சாப்பாட்டு அலுமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவைத்தார்களே, சாப்பாட்டைக் காப்பாற்றுவதில் அதை இன்றுவரை எதுவும் வெல்லவில்லை. நஞ்சில்லை, செலவில்லை. அலுமாரி சுவரில் முட்டாமலும் வயர் எதுவும் தொங்காமலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வயர் போதும், முழுப் படையும் அதன்மேல் வந்துவிடும்.

ஆனால் இது டெங்கு நகரம். 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள், மேல்மாகாணத்தில்தான் அதிகம். டெங்கு நுளம்பு முட்டையிடத் தேடுவது இப்படியான சின்னஞ்சிறு தேங்கிய நீரைத்தான். முட்டை நுளம்பாக மாற ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டத்தின்படி, உங்கள் வளவில் குடம்பிகள் கண்டுபிடிக்கப்பட்டால் வழக்கும் வரலாம். அலுமாரிக்குக் கீழே இருட்டில் கிடக்கிற கிண்ணத்தை நீங்கள் மறக்கலாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மறக்கமாட்டார்.

அதனால் கிண்ணம் வைப்பதென்றால் தண்ணீரில் சவர்க்காரத் திரவம் விடுங்கள். எறும்பும் மிதந்து கடக்காமல் மூழ்கும், குடம்பியும் தப்பாது. கிழமைக்கு ஒருதரம் கொட்டிவிட்டு, கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். தேய்ப்பது ஏன் என்றால், நுளம்பு முட்டை பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இப்போதைய தொடர்மாடிகளில் பான்ட்ரி அலுமாரிகள் சுவரோடு பொருத்தியவை. அங்கே கிண்ணத்துக்கு வழியில்லை. சீனி, பால்மா, பிஸ்கட் எல்லாம் இறுக்கி மூடுகிற போத்தலுக்கு மாற வேண்டும். மேசையில் வைத்த கேக்குக்கு மட்டும், தண்ணீர் ஊற்றிய தட்டுக்குள் இன்னொரு பாத்திரம் என்ற பழைய முறை இன்னும் செல்லும்.

சீனிப்பாணி

கூட்டை அழிக்க வேண்டும் என்றால் கொல்லுவதை நிறுத்தி ஊட்டத் தொடங்க வேண்டும். வேலைக்கார எறும்பு வயிற்றில் கொண்டுபோகும் திரவத்தை வாயால் மற்ற எறும்புகளுக்கு ஊட்டும். அது குஞ்சுக்கும் இராணிக்கும் போய்ச் சேரும். அந்தத் திரவத்தில் மெதுவாகக் கொல்லுகிற ஒன்று இருந்தால் கூடு உள்ளிருந்தே அழியும். மலிவானது போரிக் அமிலம். அதன் தம்பி போராக்ஸ், நம் வைத்தியர்கள் வெண்காரம் என்பது அதைத்தான். கரம் பலகைக்குத் தூவும் பவுடர்களில் சிலதும் போரிக் அமிலமே. சிலது வெறும் மா. அதனால் அதை நம்பாமல் பெயர் போட்ட பக்கற்றாக வாங்குங்கள்.

ஒரு கப் வெந்நீரில் இரண்டரை மேசைக்கரண்டி சீனி, தட்டையாக அளந்த அரைத் தேக்கரண்டி போரிக் அமிலம். போராக்ஸ் என்றால் முக்கால். கரையும் வரை கலக்கி, பஞ்சில் நனைத்துப் போத்தல் மூடியில் வைத்து, வரிசைக்குப் பக்கத்தில் விடுங்கள். கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒரு பங்குதான் மருந்து. எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்: கூடப் போட்டால் கெதியாகச் சாகும் என்று இரண்டு கரண்டி போடுகிறார்கள். எறும்பு வாய் வைக்காது, அல்லது வீடு போய்ச் சேர முன்னரே வழியில் செத்துவிடும். இரண்டாலும் கூட்டுக்கு ஒன்றும் ஆகாது.

முதல் நாள் எறும்பு குறையாது, கூடும். மூடியைச் சுற்றிக் கறுப்பாக மொய்க்கும். அதைப் பார்த்துப் பயந்து யாராவது ஸ்பிரேயை எடுத்தால் எல்லாம் வீண். சீனிப்பாணியும் ஸ்பிரேயும் சேருவதுதான் இந்தப் பட்டியலில் மிக மோசமான தெரிவு. எதுவுமே செய்யாமல் இருப்பதே அதைவிட மேல். மூடிக்குப் போகிற பாதையைத் துடைக்கவும் கூடாது. மற்ற இடங்களைத்தான் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், அங்கே சீனி கிடந்தால் இதை ஏன் தேடி வரும்? நம் வெக்கையில் பாணி புளிக்கும், காயும். இரண்டு நாளைக்கு ஒருதரம் புதிதாக வைக்கவும். சில நாளில் குறையத் தொடங்கும், முழுதாக ஓய ஓரிரு கிழமை எடுக்கலாம், சுவருக்குள் பல கூடு இருந்தால் இன்னும் கூட. பொறுமை இல்லாத வீட்டுக்கு இது சரிவராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தவழும் பிள்ளை, நாய், பூனை இருந்தால் மூடியைத் திறந்து வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், அல்லது துளையிட்ட சிறு போத்தலுக்குள். மிஞ்சிய பாணியைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

எறும்பு பாணியைத் திரும்பியும் பார்க்கவில்லையா? ஒரு துளி தேனும் ஒரு துண்டு நெத்தலிக் கருவாடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலை மட்டும் கறுத்து, உடல் கண்ணாடி மாதிரி வெளிறிய பேய் எறும்பு பெரும்பாலும் இனிப்புக்கே ஓடும். பாரோ எறும்பு சிலவேளை எண்ணெய்க்கும் புரதத்துக்கும் மாறும். அப்போது அதே மருந்தைக் கொஞ்சம் கச்சான் வெண்ணெயில் குழைத்து வைக்கலாம்.

ஊசிக் குழாயில் விற்கும் ஜெல்லும் இதே தத்துவம்தான், மருந்து மட்டும் வேறு. விலை கூட. ஆனால் கதவு நிலை வெடிப்பு, அலுமாரிக் கீல் போன்ற, மூடி வைக்க முடியாத இடங்களில் ஒரு பொட்டு வைக்கலாம். அந்த வசதிக்காகவே தொடர்மாடிக்காரர்களுக்கு அது பொருந்தும்.

வளவும் பல்கனியும்

தெகிவளைப் பக்கம் சின்ன முற்றம் உள்ளவர்களுக்குக் கதை வேறு. மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு கடிக்கும், உண்மைதான். ஆனால் மரத்துப் புழுபூச்சிகளை அது தின்னும். தென்சீனாவில் தோடை மரங்களில் இவற்றை வேண்டுமென்றே விட்டுப் பூச்சியை அடக்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கும் பழையது. கூட்டைக் கலைக்காமல், கூரையையும் யன்னலையும் தொடுகிற கிளையை மட்டும் வெட்டிவிடுங்கள்.

நிலத்தில் புற்றெடுத்துச் சுள்ளென்று குத்தும் செவ்வெறும்புக்குக் கொதிநீர் நல்ல மருந்து, ஒரு கேத்தலால் மட்டும் காரியம் ஆகாது. ஒரு புற்றுக்குப் பத்து லீற்றர் அளவாவது வேண்டும், சிலவேளை இரண்டாம் தரமும். காலில் செருப்பல்ல, சப்பாத்து.

பல்கனிச் செவ்வரத்தையிலும் கறிவேப்பிலையிலும் எறும்பு ஏறினால் தண்டை உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி மாப்பூச்சி இருக்கும். அதன் இனிப்புக் கழிவுக்காகத்தான் எறும்பு அதைக் காவல் காக்கிறது. மாப்பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவினால் எறும்புக்கு அங்கே வேலை இல்லை.

பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைக் கூப்பிடுவதென்றால் தொலைபேசியிலேயே கேளுங்கள்: வீட்டுக்குள் இரை வைப்பீர்களா, மருந்து அடிப்பீர்களா? எந்த எறும்பு என்று பார்க்காமலே வீடு முழுக்க அடிக்கிறோம் என்று சொன்னால், ஸ்பிரே டப்பாவைப் பெரிதாக வாங்கியதற்குச் சமம். கறையான் என்றால் மட்டும் தாமதிக்காமல் கூப்பிடுங்கள். அது எறும்பே அல்ல, இந்தப் பாணி எதுவும் அதற்குச் செல்லாது.