செப்பாங்குக்கும் வேலைக்கும் ஒரே டயர்: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்தபின்

"அண்ணே, செப்பாங்குக்கும் தினம் வேலைக்கும் ஒரே டயர் போட்டா சரி வருமா? நீங்க போட்டிருக்கிறது இப்ப விலை இறங்கிருச்சாமே" என்று அலுவலகத்தில் உடன் பணிபுரியும் தம்பி ஒருவர் கேட்டார். அவரிடம் மைவி என்னும் சிறு கார் இருக்கிறது. சம்பளத்தில் டயருக்கென்று ஒதுக்கக்கூடிய தொகை பெரிதில்லை; பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள்களில் செப்பாங் கார்ப் பந்தயக் களத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் நிறையவே இருக்கிறது. "போடலாம், ஆனால்" என்று நான் தொடங்கிய பதில் மதிய உணவு முடியும்வரை நீண்டுவிட்டது. அந்த "ஆனால்" என்பதற்குள் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட பழைய சுஸுகி சுவிஃப்ட் ஸ்போர்ட். டயர் அளவு 195/50 ஆர்16. யோக்கோஹாமா அட்வான் நியோவா, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்ஸா ஆர்இ-71ஆர்எஸ் போன்ற ஜப்பானிய டயர்களின் விலையைக் கேட்டுவிட்டுப் பின்வாங்குகிறவர்களுக்காகவே தைவானிலும் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் தயாராகும் மலிவு வரிசை ஒன்று இருக்கிறது. அந்த வரிசையில் ஒன்றைத்தான் நான் மாட்டினேன். அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் குறைப்படப்போகும் விஷயம் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல, இந்த வகை டயருக்கே உரியது என்பது என் முடிவு. இதே வகையில் வேறு பெயர் போட்ட டயரை வாங்கிய நண்பர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

இந்த வகையை நம் ஊர் டயர் கடைகளில் "200 டிரெட்வேர்" என்று அழைக்கிறார்கள். அந்த எண்ணைப் பெரிதாக நம்பிவிட வேண்டாம். அது அமெரிக்க அரசு வகுத்த முறைப்படி பக்கச் சுவரில் அச்சிடப்படும் தேய்மான மதிப்பெண். 100 மதிப்பெண் உள்ள ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து டெக்ஸஸ் மாநிலச் சாலைகளில் சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, எது எவ்வளவு தேய்ந்தது என்று பார்த்து, கடைசியில் தயாரிப்பாளரே தமக்கு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். ஆகவே ஒரு நிறுவனத்தின் 200-ம் இன்னொரு நிறுவனத்தின் 200-ம் ஒன்றல்ல. அமெரிக்காவில் சாலை டயர்களுக்கான பல போட்டிப் பிரிவுகள் 200-க்குக் குறைவான டயரை ஏற்பதில்லை. அதனால்தான் இத்தனை நிறுவனங்களின் டயர்களும் சொல்லிவைத்தாற்போல் அதே எண்ணில் வந்து நிற்கின்றன. அதன் பக்கத்திலேயே இருக்கும் ஏஏ, ஏ, பி, சி என்னும் எழுத்துகள் நேர்கோட்டில் ஈரத்தரையில் பிரேக் பிடிக்கும் திறனை மட்டுமே சொல்கின்றன. வளைவில் எப்படி, தேங்கிய நீரில் எப்படி என்பதற்கும் அந்த எழுத்துகளுக்கும் தொடர்பே இல்லை.

களத்தைப் பொறுத்தவரை இந்த டயரின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை சொன்னால் நன்றி மறந்தவனாவேன். செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஐந்தாவதும் ஆறாவதுமாக இடம், வலம் என்று அடுத்தடுத்து வரும் வேக வளைவுகளில் சாதாரணக் குடும்ப டயரோடு போனபோது, ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் கார் அதற்கு இணங்குமா என்று ஒரு கணம் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த டயரில் அந்தக் காத்திருப்பு இல்லை. பதினான்காவது வளைவு இன்னும் கடினம். பிரேக்கை முழுதாக விடாமலே வலப்பக்கம் திரும்ப வேண்டும், அங்கே இழந்த வேகம் பின்புற நேர்பாதை முழுவதும் திரும்பக் கிடைக்காது. அந்த இடத்தில் எனக்குக் கிடைத்த துணிவு முழுக்க இந்த டயர் கொடுத்ததுதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அது எழுப்பும் ஓசை. பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது மெல்லிய முனகலாகத் தொடங்கி, எல்லையைத் தொடும்போது தெளிவான கீச்சொலியாக மாறி, அதற்குப் பிறகுதான் வழுக்கத் தொடங்குகிறது. ரப்பர் தரையைப் பற்றுவதும் விடுவதும் மிக வேகமாக மாறிமாறி நிகழ்வதால் எழும் அந்த ஒலி, அனுபவம் குறைந்த ஓட்டுநருக்கு வேகமானியைவிடப் பயனுள்ள கருவி. இதைவிட விலை உயர்ந்த டயர் போட்ட நண்பரின் காரில் அமர்ந்து சென்றபோது, எச்சரிக்கை அவ்வளவு முன்கூட்டியே வரவில்லை. பிடிப்பு அதிகமாக இருந்தது, விட்டபோது திடீரென்று விட்டது.

வெளிநாட்டு மதிப்புரைகள் பலவும் குளிர்ந்த காலையில் இவ்வகை டயர்கள் கட்டைபோல் இருக்கும் என்று எச்சரிக்கின்றன. கோலாலம்பூரில் அந்தக் கவலைக்கு இடமே இல்லை. நமக்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல்: நடுப்பகலில் செப்பாங்கின் தார் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், நான்கைந்து சுற்றுக்குள் மலிவு ரப்பர் சூடேறிக் குழைந்துவிடும், அதன்பின் ஸ்டீயரிங் மந்தமாகிக் கார் வளைவின் வெளிப்பக்கமாக நழுவும். ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் பிடிப்பு மறுபடி வந்துவிடும். அந்தச் சுற்று பெரும்பாலும் டயரைவிட எஞ்சினுக்கும் பிரேக்குக்கும்தான் அவசியமாக இருக்கும் என்பதால் இதை நான் குறையாக எண்ணவில்லை.

செப்பாங்கின் 15 வளைவுகளில் 10 வலப்பக்கத்தவை. முன்சக்கர இயக்கம் உள்ள காரில் இடப்பக்க முன்டயரின் வெளியோரம்தான் முதலில் கரையும். என் டயரில் சுழல்திசை அம்புக்குறி போட்டிருக்கிறது. இடத்தையும் வலத்தையும் மாற்ற வேண்டுமென்றால் ரிம்மிலிருந்து கழற்றி, திருப்பி மாட்டி, மறுபடி பேலன்சிங் செய்ய வேண்டும். மலிவு டயர் வாங்கி மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி இப்படித்தான் டயர் கடைக்குத் திரும்பிப் போகிறது.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் உயிர் இருக்கிறது. ஈரமான சாலையில் இந்த டயர் நன்றாகவே பிடிக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் கூட்டரசு நெடுஞ்சாலையில் இடியோடு கொட்டும் மழை சாலையை நனைப்பதோடு நிற்பதில்லை, குளமாக்கிவிடுகிறது. வரிப்பள்ளங்கள் குறைவாகவும் ஆழம் சற்றுக் குறைவாகவும் உள்ள இந்த டயருக்கு அந்த நீரை வெளியே தள்ள வழியில்லை. இதில் பலர் கவனிக்காத ஒன்று காற்றழுத்தம். களத்தில் டயர் சூடேறி அழுத்தம் உயர்வதால் நாம் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறோம். மாலையில் டயர் ஆறியதும் அழுத்தம் 25 பிஎஸ்ஐ அளவுக்குக் கீழிறங்கி நிற்கிறது. 1960-களில் விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்ட ஒரு கணக்கு இருக்கிறது: நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 35 பிஎஸ்ஐ-க்கு மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீட்டர். 25 பிஎஸ்ஐ-க்கு 83 மட்டுமே. கார் டயருக்கு அது துல்லியமாகப் பொருந்தாது, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டங்கள்) தேய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆனாலும் போக்கு எந்தப் பக்கம் என்பது விளங்கும். களத்தைவிட்டுக் கிளம்பும் முன்பு காற்றை ஏற்றாமல் எலைட் நெடுஞ்சாலையில் மழைக்குள் நுழைகிறவர் எந்த டயர் போட்டிருந்தாலும் ஒன்றுதான். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் போதும் என்பது இந்த டயருக்குப் பொருந்தாத ஆறுதல். 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் மழைக்காலத்தில் நான் வேறு காரைத்தான் எடுப்பேன்.

இதுவரை சொன்ன எதுவும் என்னைக் கோபப்படுத்தவில்லை. கோபம் வருவது சத்தத்தால்.

முதல் சில மாதங்கள் டயர் அடக்கமாகவே இருந்தது. பிறகு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முரலொலி தொடங்கியது. வேகம் ஏற ஏற அது தடித்து, 100-ஐத் தொடும்போது மின்னல் எஃப்எம் செய்தி வாசிப்பவரின் உதடசைவை நாமே கற்பனை செய்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. ஒரு பணிமனையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்சக்கர பேரிங் போய்விட்டது என்று உறுதியாகச் சொன்னார்கள். மாற்றினார்கள், பணம் வாங்கினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. இதை நீங்களே சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது. பேரிங் சத்தம் காரை இடமும் வலமும் மெல்ல ஒடிக்கும்போது மாறும். டயர் சத்தமோ சாலை மாறும்போது மாறும். புதிதாகப் போட்ட தாரில் தணியும், கான்கிரீட் மேம்பாலத்தில் ஓங்கும். அந்தப் பணிமனை என்னோடு ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கியிருந்தால் போதும்.

பின்டயரின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் ஓட்டினால் வழுவழுப்பாக இருந்தது. எதிர்த்திசையில் ஓட்டினால் ரம்பம் போல் தடுக்கியது. ஒவ்வொரு பட்டனும் ஒரு விளிம்பில் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த ரம்பத் தேய்மானம் கடுமையாக உழைக்கும் முன்டயரில் அவ்வளவாக வருவதில்லை. இழுவிசை எதுவும் தராமல் சும்மா உருண்டுவரும் பின்டயரில்தான் வருகிறது. பட்டன்கள் பெரிதாகவும் ரப்பர் மென்மையாகவும் இருப்பதால், தரையைத் தொட்டு விலகும் ஒவ்வொரு முறையும் பின்விளிம்பு இழுபட்டுக் கரைகிறது. என் காரின் பின்புறம் ஒரே உத்திரத்தால் இணைக்கப்பட்டது; சக்கரக் கோணத்தை அலைன்மென்ட் கடையில் திருகிச் சரிசெய்யும் வசதி அதில் இல்லை. முன்பின்னாக மாற்றிப் போட்டால், ரம்பமான டயர் முன்னே வந்து சில வாரங்களில் உழைத்துச் சீராகிறது. அதற்குள் பின்னே போனது புதிதாகப் பல் முளைக்கத் தொடங்குகிறது. சத்தம் ஒருபோதும் காரைவிட்டு இறங்குவதில்லை, இருக்கையை மட்டும் மாற்றிக்கொள்கிறது.

தீபாவளிக்கு வடக்கே சுங்கைப் பட்டாணிக்குப் போகும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஒலியோடு நாங்கள் குடும்பமாக அமர்ந்திருந்தோம். தாப்பாவைத் தாண்டும் முன்பே பேச்சு நின்றுவிட்டது. "இந்தக் கார்ல பேசறதுக்குத் தொண்டைத் தண்ணி வத்துதுங்க, நான் தூங்கறேன்" என்றார் மனைவி. தூங்கவும் முடியவில்லை. ஓய்வுப் பகுதியில் இறங்கிய பிறகும் அந்த முரலொலி சற்று நேரம் காதுக்குள் தொடர்ந்தது. களத்தில் தேவைப்படும்போது மட்டும் பேசி என்னை வழிநடத்திய அதே ரப்பர், நெடுஞ்சாலையில் கேட்பாரில்லாமல் ஓயாது பேசுகிறது. களத்தில் நான் செலவிடுவது சில மணி நேரம், சாலையிலோ ஆண்டு முழுவதும்.

எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது, பொருட்படுத்தத்தக்கதல்ல. சூடான ரப்பர் ஓட்டும் தளத்துச் சிறுகற்களை அள்ளிக்கொண்டு வந்து வீடு திரும்பும் வழியெல்லாம் சக்கர வளைவுக்குள் வீசும். வண்ணப்பூச்சில் அக்கறை உள்ளவர்கள் கவனிக்க.

நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் இந்த டயருக்கு நல்ல மதிப்பெண்தான் விழும். கொடுத்த விலைக்கு இவ்வளவு பிடிப்பும் இவ்வளவு தெளிவான எச்சரிக்கையும் வேறெங்கும் கிடைத்திராது. ஆனாலும் தம்பிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். நானும் இனி வாங்கமாட்டேன். விலை பாதியானாலும் வாங்கமாட்டேன். இது நியாயமற்ற தீர்ப்பு என்பது தெரிகிறது. வடக்கிலிருந்து திரும்பி அதிக நாளாகவில்லை, கோபம் இன்னும் ஆறவில்லை.

களத்துக்கென்று தனி ரிம்மில் தனி டயர் வைத்துக்கொள்வதே சிறந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். பூச்சோங்கில் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் துணிக்கொடிக்கும் துளசிச் செடிக்கும் நடுவே நான்கு சக்கரங்களை அடுக்கிவைக்க வீட்டில் அனுமதி கிடைப்பவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் அமைதியான, மழைக்கு ஏற்ற ஒரு விளையாட்டு வகை டயரைச் சாலைக்காக வாங்கி, அதையே களத்திலும் ஓட்டலாம். மிச்செலின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் வரிசைகள் அப்படிப்பட்டவை. சுற்று நேரம் சில நொடிகள் கூடும். தனி ரிம்மும் தனி டயரும் வாங்காமல் மிச்சமாகும் பணத்தில் நல்ல பிரேக் பேடும் கொதிநிலை உயர்ந்த பிரேக் திரவமும் போட்டுக்கொண்டால், மைவிக்கு முதல் ஆண்டில் டயரைவிட அவைதான் அதிகம் உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் விலை குறைந்த டயரையே வாங்குவேன் என்பவர்கள், கடைக்காரர் ரிம்மில் ஏற்றும் முன்பு பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. மென்மையான ரப்பர் கடையின் அலமாரியில் இருந்தபடியே கடினமாகிக்கொண்டுதான் இருக்கும். திடீர் விலைக்குறைப்புக்குப் பல நேரம் காரணமும் அதுவே. நான்கு டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனெனில் இரண்டு புதியதும் இரண்டு பழையதுமாகச் சேர்த்துத் தருவதை நானே கண்டிருக்கிறேன்.